அத்தியாயம் 7: விதிகளுக்கு நாள் குறித்தல்

2025 செப்டம்பர் 3ஆம் தேதி இரவு, டெல்லியில் 56ஆவது ஜிஎஸ்டி கவுன்சில் கூட்டம் முடிந்து நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் செய்தியாளர்களைச் சந்தித்தார். பெரும்பாலான பொருள்களுக்கு 12, 28 சதவீத அடுக்குகள் இனி இல்லை. 5, 18 என இரண்டு முக்கிய அடுக்குகளும், சிலவற்றுக்கு மட்டும் 40 சதவீதமும் இருக்கும் என்றார். ஷாம்பு, பற்பசை, தலைக்குத் தேய்க்கும் எண்ணெய் ஆகியவை 18லிருந்து 5க்கு இறங்கின. ஏசியும் சிமென்டும் 28லிருந்து 18க்கு வந்தன. அமலுக்கு வரும் நாள் செப்டம்பர் 22.

இடையில் இருந்தது 19 நாள்.

நாடு முழுக்கப் பில்லிங் மென்பொருள் எழுதுவோர்முன் மூன்று வேலைகள் நின்றன. செப்டம்பர் 21 இரவு கடை மூடும்வரை பழைய விகிதத்தில் பில் விழ வேண்டும். நள்ளிரவு தாண்டியதும் புதிய விகிதம் தானாக வர வேண்டும். மூன்றாவதைப் பலர் பிறகுதான் கவனிப்பார்கள்: செப்டம்பர் 15 அன்று 18 சதவீத வரியோடு விற்ற ஷாம்பு பெட்டி அக்டோபரில் திரும்பி வந்தால், கிரெடிட் நோட்டில் அந்தப் பழைய 18 சதவீதமே வர வேண்டும்.

ஒரே ஒரு கடைக்காரர் இரவு விழித்திருந்து எண்களை மாற்றிவிடலாம். ஆயிரக்கணக்கான பொருள்களும் பல கிளைகளும் உள்ள நிறுவனத்தில் அது நடக்காது. நடந்தாலும், 18ஐ அழித்து 5 என்று எழுதிய நொடியில் நேற்றைய விதி கணினியிலிருந்து காணாமல் போகிறது. ஆகவே விதிக்குள் "என்ன செய்ய வேண்டும்" என்பது இருந்தால் மட்டும் போதாது; "எந்த நாள் முதல், எந்த நாள் வரை" என்பதும் அதனுடனேயே இருக்க வேண்டும். அந்தத் தேதிகளை எதனோடு ஒப்பிடுவது என்பதில்தான் பெரும்பாலான பிழைகள் பிறக்கின்றன. இந்த அத்தியாயம் அதைப் பற்றியது.

கருவிகள் தரும் வசதி

வரி, வட்டி, தள்ளுபடி, காப்பீட்டு பிரீமியம் போன்ற தொழில் விதிகளை நிரலின் நடுவே புதைக்காமல் தனியே எழுதி, அவற்றை இயக்க ஒரு ரூல் இன்ஜினை வைப்பது இப்போது பரவலான முறை. ட்ரூல்ஸ், ஐபிஎம் ஓடிஎம், ஓபன்எல் டேப்லெட்ஸ், கார்ட்டிகான் ஆகியவை இந்த வகையில் பெயர் பெற்றவை. விதி எப்போது இயங்கும் என்பதைக் கட்டுப்படுத்த ஒவ்வொன்றும் ஒரு வழி தருகிறது. வழிகள் ஒன்றுபோல் இல்லை.

இலவசமாகக் கிடைக்கும் ட்ரூல்ஸில், விதியின் தலைப்பகுதியில் 'டேட்-எஃபெக்டிவ்' என்று ஒரு தேதியும் 'டேட்-எக்ஸ்பயர்ஸ்' என்று ஒரு தேதியும் எழுதலாம். முதல் தேதிக்கு முன்பும் இரண்டாவது தேதிக்குப் பின்பும் அந்த விதி இயங்காது. பார்க்க எளிமையாக இருக்கும் இந்த இரண்டு வரிகளில் இரண்டு குழிகள் உண்டு.

முதலாவது, தேதிக்குள் ஒளிந்திருக்கும் நேரம். ட்ரூல்ஸின் வழக்கமான தேதி வடிவத்தில் நாள், மாதம், ஆண்டு மட்டுமே உண்டு, மணி கிடையாது. மணி எழுதாவிட்டால் அந்த நாளின் 00:00 என்றே இன்ஜின் எடுத்துக்கொள்ளும். பழைய விகிதம் செப்டம்பர் 21 வரை இருக்க வேண்டும் என்று நினைத்துக் காலாவதித் தேதியில் 21 என்று எழுதினால், 21ஆம் தேதி பிறந்ததுமே விதி செத்துவிடும். அந்த நாள் முழுக்கக் கடையில் வரி விகிதமே இருக்காது. எழுத வேண்டியது 22. தேதி வடிவத்தை ஒரு சிஸ்டம் பிராப்பர்ட்டி வழியாக மாற்றி, மணி நிமிடத்தோடு எழுதுவது இன்னும் நல்லது. படிப்பவருக்கும் ஐயம் வராது.

இரண்டாவது, சர்வரின் நேர மண்டலம். கிளவுட் சர்வர்களும் கன்டெய்னர்களும் பெரும்பாலும் உலகப் பொது நேரத்தில், அதாவது யுடிசியில், ஓடுகின்றன. இந்திய நேரம் அதைவிட ஐந்தரை மணி நேரம் முந்தியது. யுடிசியில் ஓடும் சர்வரில் "22 செப்டம்பர் 00:00" என்று குறித்த விதி, இங்கே காலை 5:30க்குத்தான் எழும். அதிகாலை 4 மணிக்குத் திறக்கும் பால் கடையில் அதுவரை நெய்க்கு 5 சதவீதத்துக்குப் பதில் 12 சதவீதம் போட்டுக்கொண்டிருப்பார்கள். ட்ரூல்ஸை ஓட்டும் ஜாவா இயங்கும்போதே நேர மண்டலத்தை 'ஏசியா/கொல்கத்தா' என்று வெளிப்படையாகக் குறிப்பிட்டுவிட்டால் இந்தத் தொல்லை இல்லை.

ஐபிஎம் ஓடிஎம் வேறு பாதையில் போகிறது. அங்கே ஒவ்வொரு விதிக்கும் அமல் தேதி, காலாவதித் தேதி, நிலை ஆகிய பண்புகள் உண்டு. புதியது, வரையறுக்கப்பட்டது, சரிபார்க்கப்பட்டது, வெளியிடத்தக்கது, நிராகரிக்கப்பட்டது, வழக்கொழிந்தது என்று நிலை மாறிக்கொண்டே போகும். ஆனால் தேதிப் பண்பை நிரப்பியதாலேயே விதி நின்றுவிடாது. விதித் தொகுப்பைப் பிரித்தெடுக்கும் வினவலோ, இயங்கும்போது விதிகளைத் தேர்ந்தெடுக்கும் நிபந்தனையோ அந்தப் பண்பைப் படித்துப் பார்க்க வேண்டும். தேதியை நிரப்பிவிட்டு நிம்மதியாக இருப்பவர்கள் இந்த இணைப்பு போட்டிருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்வது அவசியம்.

யாருடைய தேதி?

ட்ரூல்ஸின் தேதி வரிகள் இன்ஜினின் கடிகாரத்தைப் பார்க்கின்றன. விதி ஓடும் நொடியில் மணி என்ன என்பதே அவற்றின் கேள்வி. வரிச் சட்டம் கேட்பது வேறு: இந்த வியாபாரம் எப்போது நடந்தது?

மத்திய ஜிஎஸ்டி சட்டத்தின் 14ஆவது பிரிவு, விகிதம் மாறும் காலத்துக்கென்றே எழுதப்பட்டது. சேவை வழங்கிய நாள், பில் போட்ட நாள், பணம் வந்த நாள் ஆகிய மூன்றையும் அது பார்க்கிறது. மூன்றில் இரண்டு மாற்றத்துக்கு முன் நடந்திருந்தால் பழைய விகிதம். இரண்டு பின்னால் நடந்திருந்தால் புதிய விகிதம். பிரிவின் உட்கூறுகளைச் சுருக்கினால் கிடைப்பது இதுதான்.

ஒரு ஓட்டல் அறையை எடுத்துக்கொள்ளலாம். நாள் வாடகை 3,000 ரூபாய். 7,500 ரூபாய் வரையிலான அறைகளுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் வரி 12லிருந்து 5 சதவீதமானது. இரண்டு விருந்தினர்கள் செப்டம்பர் 18 அன்று முழுப் பணத்தையும் முன்கூட்டியே கட்டுகிறார்கள். முதலாமவர் 20ஆம் தேதி தங்குகிறார். அவருக்கு 23ஆம் தேதி பில் போகிறது. பணமும் தங்கலும் மாற்றத்துக்கு முன்பே முடிந்துவிட்டதால் அவருக்கு 12 சதவீதம், அதாவது 360 ரூபாய் வரி. இரண்டாமவர் 25ஆம் தேதி தங்கி 26ஆம் தேதி பில் வாங்குகிறார். தங்கலும் பில்லும் மாற்றத்துக்குப் பின் என்பதால் 5 சதவீதம், 150 ரூபாய். ஒரே நாளில் கட்டிய ஒரே தொகைக்கு இரண்டு வேறு வரிகள். முதலாமவரின் பில் 23ஆம் தேதி தயாராகும்போது இன்ஜினின் கடிகாரத்தைக் கேட்டால் அது 5 சதவீதம் என்றே சொல்லும். அது தவறு.

இதோடும் முடியவில்லை. பணம் வந்த நாள் என்பது கணக்கில் எழுதிய நாள், வங்கியில் வரவான நாள் ஆகிய இரண்டில் முந்தியது. வங்கி வரவு விகித மாற்றத்திலிருந்து நான்கு வேலை நாள்களுக்குப் பிறகு விழுந்தால், வங்கித் தேதியே கணக்கு. பொருள் விற்பனைக்கான முன்பணத்துக்கு 2017 நவம்பர் 15ஆம் தேதி அறிவிக்கையின்படி தனி ஏற்பாடும் உண்டு.

எனவே நல்ல அமைப்பில் வேலை இரண்டு படிகளாகப் பிரியும். முதல் படியில் உள்ள விதிகள் பரிவர்த்தனையின் தேதிகளைப் பார்த்து, எந்த நாளின் சட்டம் பொருந்தும் என்று ஒரு தேதியைக் கண்டுபிடிக்கும். அதைப் 'பொருந்தும் தேதி' என்று அழைக்கலாம். இரண்டாவது படி, அந்தத் தேதியில் உயிரோடு இருக்கும் விகிதத்தை அட்டவணையிலிருந்து எடுக்கும். இப்படிச் செய்தால் விகிதம் ட்ரூல்ஸின் விதித் தலைப்பில் இராது. தொடக்கத் தேதி, முடிவுத் தேதி, விகிதம் என்ற மூன்று பத்திகளோடு தரவாக இருக்கும். ஒப்பீடு விதியின் நிபந்தனைப் பகுதியில் நடக்கும்.

வேறு சில கருவிகள் இந்தத் தேவையை முதலிலேயே உணர்ந்து வடிவமைக்கப்பட்டவை. கார்ட்டிகானில் கோரிக்கை அனுப்பும்போதே "இந்த நாளுக்குரிய பதிப்பு வேண்டும்" என்று ஒரு தேதி முத்திரையைச் சேர்த்து அனுப்பலாம். சர்வர் அந்தத் தேதிக்குப் பொருந்தும் முடிவெடுக்கும் சேவையைத் தேடி ஓட்டும். ஓபன்எல் டேப்லெட்ஸில் ஒரு அட்டவணைக்கு இரண்டு ஜோடித் தேதிகள் கொடுக்கலாம். ஒரு ஜோடி, விதி எந்தக் காலத்து நிகழ்வுகளுக்குப் பொருந்தும் என்பதற்கு. மற்றது, அந்த விதி எந்த நாளிலிருந்து எந்த நாள்வரை வரும் கோரிக்கைகளுக்குப் பயன்பட வேண்டும் என்பதற்கு. முன்தேதியிட்டு அரசாணை வரும் துறைகளில் இந்த இரண்டாவது ஜோடி பெரும் உதவி. ஆணை வெளிவருமுன் என்ன கணக்கிட்டோம், வந்தபின் என்ன கணக்கிட்டோம் என்ற இரண்டு கேள்விகளுக்கும் அப்போதுதான் தனித்தனியே பதில் கிடைக்கும்.

எல்லையில் விரிசல் கூடாது

தேதி வரம்புகளை எழுத ஒரே ஒரு முறையை மட்டும் கடைப்பிடிப்பது நல்லது: தொடக்க நாள் உள்ளே, முடிவு நாள் வெளியே. இலங்கையின் வாட் வரி நான்காண்டுகளில் நான்கு விகிதங்களைக் கண்டது. அதை இப்படி எழுதலாம்:

- 2019 டிசம்பர் 1 முதல், 2022 ஜூன் 1க்கு முன்பு வரை: 8 சதவீதம்
- 2022 ஜூன் 1 முதல், 2022 செப்டம்பர் 1க்கு முன்பு வரை: 12 சதவீதம்
- 2022 செப்டம்பர் 1 முதல், 2024 ஜனவரி 1க்கு முன்பு வரை: 15 சதவீதம்
- 2024 ஜனவரி 1 முதல், முடிவு குறிக்கப்படவில்லை: 18 சதவீதம்

ஒரு வரியின் முடிவும் அடுத்த வரியின் தொடக்கமும் ஒரே தேதி. எந்த நொடிக்கும் ஒரு விகிதம் உண்டு. ஒன்றுக்கு மேல் இல்லை. 23:59:59 என்று முடிவு எழுதினால், அதற்கும் நள்ளிரவுக்கும் இடையே ஒரு நொடி விதியில்லாமல் கிடக்கும். பகலில் மட்டும் திறக்கும் கடைக்கு அது உறைக்காது. இணைய விற்பனைத் தளத்தில் அந்த ஒரு நொடியில் ஆர்டர்கள் வரும்.

அட்டவணையைச் சேமிக்கும்போதே இடைவெளியும் மோதலும் உண்டா என்று நிரல் சோதிக்க வேண்டும். அதையும் மீறி விகிதம் கிடைக்காத பரிவர்த்தனை வந்தால், வரி பூஜ்யம் என்று எடுத்துக்கொள்ளாமல் பில்லை நிறுத்தி எச்சரிக்க வேண்டும். விதி இல்லை என்பது ஒன்று. வரி இல்லை என்று சொல்லும் விதி இருக்கிறது என்பது வேறொன்று.

தற்காலிக விதிகள்

கொரோனா இரண்டாவது அலையின்போது, 2021 ஜூன் 14 முதல் செப்டம்பர் 30 வரை என்று நாள் குறித்துச் சில வரிகள் குறைக்கப்பட்டன. ரெம்டெசிவிர் 12லிருந்து 5க்கு இறங்கியது. டோசிலிசுமாப் மருந்துக்கு வரி நீங்கியது. ஆம்புலன்ஸ் 28லிருந்து 12க்கு வந்தது. செப்டம்பர் 17 அன்று லக்னோவில் கூடிய ஜிஎஸ்டி கவுன்சில், மருந்துகளுக்கான சலுகையை டிசம்பர் 31 வரை நீட்டித்தது. ஆம்புலன்சுக்கு நீட்டிப்பு இல்லை.

"கொரோனா சலுகை" என்று ஒரே தொகுப்பாக வைத்து அதற்கு ஒரே காலாவதித் தேதி கொடுத்தவர்கள் அன்று தொகுப்பை உடைக்க வேண்டிவந்திருக்கும். பொருள்வாரியாகத் தேதி வைத்தவர்கள் நான்கைந்து வரிகளில் ஒரு தேதியை மட்டும் மாற்றினால் போதும். ஒன்றாகப் பிறந்த விதிகள் ஒன்றாக முடிவதில்லை.

சலுகை முடிந்தபின் எது அமலுக்கு வரும் என்பதையும் அன்றே எழுதிவிட வேண்டும். ஜெர்மனி 2020 ஜூலை 1 முதல் டிசம்பர் 31 வரை விற்பனை வரியை 19லிருந்து 16 ஆகவும், 7லிருந்து 5 ஆகவும் குறைத்தது. அத்தகைய விதியைப் பதியும்போதே 2021 ஜனவரி 1 முதல் 19, 7 என்ற வரிகளையும் சேர்த்துப் பதிவதே முறை. ஆறு மாதம் கழித்து யாராவது நினைவில் வைத்திருப்பார்கள் என்று விடக் கூடாது.

கடைசி நாளில் வரும் ரத்து

துணிகளுக்கான ஜிஎஸ்டியை 2022 ஜனவரி 1 முதல் 5லிருந்து 12 சதவீதமாக உயர்த்த 2021 நவம்பரில் அறிவிக்கை வந்தது. சூரத், திருப்பூர் போன்ற ஜவுளி ஊர்களிலிருந்து கடும் எதிர்ப்பு எழுந்தது. டிசம்பர் 31 அன்று கூடிய 46ஆவது கவுன்சில் கூட்டம் உயர்வைத் தள்ளிவைத்தது. அமலுக்கு மீதியிருந்தது சில மணி நேரம். ஆனால் அதே நாளில் அமலாகவிருந்த காலணி விகித உயர்வு நிற்கவில்லை. 1,000 ரூபாய் வரையிலான செருப்புக்கு மறுநாள் முதல் 12 சதவீதம் ஆனது.

முன்கூட்டியே விதிகளை ஏற்றி வைத்திருப்பவர்களுக்கு இத்தகைய நாளில் தேவைப்படுவது தேதியிலிருந்து தனித்து நிற்கும் ஒரு நிறுத்துவிசை. ட்ரூல்ஸில் 'எனேபிள்ட்' என்ற பண்பு இதற்குத்தான். அதைப் பொய் என்று வைத்தால், தேதி என்ன சொன்னாலும் விதி ஓடாது. அட்டவணையில் விகிதம் இருந்தால் அங்கேயும் ஒரு 'செயலில் உள்ளது' பத்தி வேண்டும். புதிய வரியை நிறுத்தும்போது பழைய வரியின் முடிவுத் தேதியையும் திறந்துவிட வேண்டும் என்பது பரபரப்பில் மறந்துபோகும். புதியது நின்று, பழையதும் டிசம்பர் 31 நள்ளிரவில் முடிந்துபோனால் துணிக்கு விகிதமே இல்லாமல் போகும். இரண்டையும் ஒரே செயலாகச் செய்யும் பொத்தானை முன்பே கட்டி வைப்பது உத்தமம். அதை அழுத்தும் அதிகாரம் யாருக்கு, யார் சரிபார்ப்பது என்பதும் எழுத்தில் இருக்க வேண்டும்.

வேலை நேரமும் விடுமுறையும்

சில விதிகள் தினமும் குறிப்பிட்ட மணிகளில் மட்டும் பொருந்தும். நெஃப்ட் பணப் பரிமாற்றம் ஒரு காலத்தில் வேலை நாள்களில் காலை 8 முதல் மாலை 7 வரைதான் நடந்தது. இரண்டாம், நான்காம் சனிக்கிழமைகளில் இல்லை. ட்ரூல்ஸில் நாள்காட்டி, டைமர் ஆகிய பண்புகள் இத்தகைய தேவைக்கு உதவும். விடுமுறைப் பட்டியலை விதிக்கு வெளியே ஒரு நாள்காட்டியாக வைத்து விதியை அதோடு கட்டலாம்.

2019 டிசம்பர் 16 முதல் நெஃப்ட் 24 மணி நேரமும் இயங்கத் தொடங்கியது. 2020 டிசம்பர் 14 முதல் மற்றொரு பணப் பரிமாற்ற முறையான ஆர்டிஜிஎஸ்ஸும் அப்படியே. நேர வரம்பு எழுதிய விதிக்கும் ஒருநாள் முடிவு வரும். அதற்கும் தொடக்க, முடிவுத் தேதிப் பத்திகள் தேவை என்பதை இந்த இரண்டு மாற்றங்களும் காட்டின.

பழைய விதியை அழிக்காதிருத்தல்

மத்திய ஜிஎஸ்டி சட்டத்தின் 36ஆவது பிரிவு, ஆண்டு அறிக்கை தாக்கல் செய்ய வேண்டிய கடைசி நாளிலிருந்து 72 மாதங்களுக்குக் கணக்குகளைப் பாதுகாக்கச் சொல்கிறது. பில்லை மட்டும் வைத்துக்கொண்டு, அதைக் கணக்கிட்ட விதியைத் தொலைத்துவிட்டால், தணிக்கையில் வரும் கேள்விக்கு விளக்கம் சொல்வது கடினம். காலாவதியான விதி குப்பை அல்ல. ஒவ்வொரு பில்லோடும் பொருந்தும் தேதியையும் விதியின் பதிப்பு எண்ணையும் சேர்த்தே பதிந்து வைத்தால், ஆறாண்டு கழித்தும் அதே விடையை மீண்டும் எடுக்கலாம்.

சோதனைப் பட்டியல்

காலத்தைச் சோதிக்க நள்ளிரவுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. ட்ரூல்ஸில் 'சூடோ கிளாக்' என்ற போலிக் கடிகாரம் உண்டு. அதை விரும்பிய நொடிக்கு நகர்த்தலாம். செப்டம்பர் 22 போன்ற ஒரு மாற்றத்துக்குக் குறைந்தபட்சம் இவற்றை ஓட்டிப் பார்க்க வேண்டும்:

1. 21ஆம் தேதி இரவு 11:59க்கு ஒரு பில். 22ஆம் தேதி 00:00க்கு ஒரு பில்.
2. 22ஆம் தேதி காலை 5:29க்கும் 5:31க்கும் ஒவ்வொரு பில். இரண்டிலும் விகிதம் ஒன்றாக வராவிட்டால் சர்வரின் நேர மண்டலம் தவறு.
3. மாற்றத்துக்கு முன் விற்று, பின் திரும்பிய சரக்குக்குக் கிரெடிட் நோட்.
4. தங்கல், பில், பணம் ஆகிய மூன்று தேதிகளும் எல்லையின் இருபுறமும் மாறி மாறி விழும் சேவை பில்கள். மொத்தம் எட்டு வகை வரும். எட்டையும் பார்க்க வேண்டும்.
5. நிறுத்துவிசையை அழுத்தியபின் பழைய விகிதம் தொடர்கிறதா என்ற சோதனை.
6. நள்ளிரவுக்கு முன் திறந்து, மூடாமல் ஓடும் ரூல் இன்ஜின் செஷனில் ஒரு பில். இதில் சந்தேகம் வந்தால் மாற்றத்துக்குப் பின் எல்லா செஷன்களையும் மூடிப் புதிதாகத் திறப்பதே பாதுகாப்பு.

நவம்பர் 2017இல் 178 பொருள்களின் வரி 28லிருந்து 18க்கு இறங்கியபோது, 10ஆம் தேதி முடிவு 15ஆம் தேதி அமலானது. இடையில் ஐந்து நாள்தான். அடுத்த மாற்றத்துக்கு 19 நாள் கிடைக்கும் என்று யாரும் உறுதி தர முடியாது. ஆகவே இந்தப் பட்டியலின் ஆறு சோதனைகளையும் இந்த வாரமே உங்கள் அமைப்பில் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். நான்காவதில் இருந்து தொடங்குங்கள்.